கம்பெனியை விட்டா விசா போயிருமா?

"வணக்கம் அக்கா. நான் சேலம் அம்மாபேட்டை, வயசு 31, மெக்கானிக்கல் பி.இ. நாலு வருஷமா ஜப்பான்ல ஐச்சி பக்கம் கார் பார்ட்ஸ் டிசைன்ல இருக்கேன். முதல்ல ஒரு ஹாக்கென் கம்பெனி, அதாவது வேற கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சி மூலமா வந்தேன், ரெண்டு வருஷம் முன்னாடி இப்ப இருக்குற கம்பெனிக்கு மாறினேன், இங்க ஸெய்ஷாயின், அதாவது பெர்மனென்ட். இப்ப தொயோஹாஷில 40 பேர் இருக்குற ஒரு சின்ன கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, சம்பளம் ஜாஸ்தி, ஜூலை 1 சேரச் சொல்றாங்க. என் ஸைர்யூ கார்டு, அதான் அங்க தங்குறதுக்கான அட்டை, செப்டம்பர் 20-ல முடியுது. இப்ப இருக்குற மேனேஜர், நீ போனா விசா கேன்சல் ஆயிரும், மூணு மாச சம்பளம் கட்டணும்ங்கறார். அப்பா துபாய்ல 12 வருஷம் இருந்தவர், கம்பெனிய பகைச்சுக்காத, முதல்ல இவங்க மூலமா ரெனியூ பண்ணிட்டு அப்புறம் மாறுங்கறார். எது சரி? எப்ப ரெனியூ பண்ணாலும் எனக்கு ஒரே ஒரு வருஷம்தான் குடுக்குறாங்க, அது ஏன்னும் புரியல. மனைவி என்கூடதான் இருக்காங்க, நாலாவது மாசம், அக்டோபர் கடைசில தேதி. தலைப்பிரசவம், ஆவணில வளைகாப்பு போட்டு சேலத்துக்கு கூட்டிட்டு வரணும்னு அத்தை சொல்றாங்க. இப்ப பத்து நாள் லீவுல சேலத்துலதான் இருக்கேன்."

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். வேலை மாறுறதப் பத்தி நீங்க நிறைய எழுதியிருக்கீங்க, வளைகாப்பப் பத்தி கடைசில போற போக்குல ஒரு வரி. எனக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுத்தது அந்த ஒரு வரிதான். அதுக்கு வர்றேன், முதல்ல உங்க மேனேஜர் சொன்னத முடிச்சிருவோம்.

உங்க விசா உங்களோடது. கம்பெனியோடது இல்ல. அப்பா சொல்றதுல தப்பு இல்லைங்க, அவர் பாத்த ஊர்ல கம்பெனிதான் ஸ்பான்சர், கம்பெனி கைய விட்டா பெட்டியக் கட்டணும், சிங்கப்பூர்ல கூட எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்தந்த கம்பெனி பேர்லதான் இருக்கும், நம்ம சேலத்துல வெளிநாடு போன வீடுகள்ல முக்காவாசி அந்த அனுபவத்துலதான் பேசுவாங்க. ஜப்பான் கணக்கு வேற. உங்க ஸைர்யூ கார்டைத் திருப்பிப் பாருங்க, அதுல கம்பெனி பேரே இருக்காது, எந்த மாதிரி வேலைங்கறதுதான் இருக்கும். கிஜின்கோகுன்னு அங்க சுருக்கமா சொல்ற அந்த ஸ்டேட்டஸ் எஞ்சினியர் வேலைக்கு குடுத்தது, அதே வகை வேலையா இருந்தா எந்த கம்பெனில வேணும்னாலும் நீங்க செய்யலாம். ஹைலி ஸ்கில்டுன்னு பாயிண்ட் கணக்குல முதல் கட்டமா குடுக்குற விசா மாதிரி சிலதுதான் கம்பெனியோட கட்டிப் போட்டது, அதுல மாறினா முதல்லயே அனுமதி வாங்கணும், உங்களோடது அது இல்ல. அதனால உங்க மேனேஜர் கேன்சல் பண்றதுக்கு அங்க பட்டனே கிடையாது, இந்த ஆள் வேலைய விட்டுட்டார்னு இமிக்ரேஷனுக்கு தெரிவிக்கலாம், அவ்வளவுதான்.

மூணு மாச சம்பளம் கட்டணும்ங்கறதும் செல்லாது. 1947-ல வந்த அவங்க தொழிலாளர் சட்டத்துலயே 16-வது பிரிவு, வேலைய விட்டா இவ்வளவு அபராதம்னு முன்கூட்டியே ஒப்பந்தம் போடவே கூடாதுங்குது. கம்பெனி உங்களுக்கு கடனா ஏதாவது பணம் குடுத்திருந்தா அது தனி, அதத் திருப்பிக் குடுத்துதான் ஆகணும். பெர்மனென்ட் ஆளுக்கு சட்டப்படி ரெண்டு வாரம் முன்னாடி சொன்னா போதும், ஆனா கம்பெனி ரூல்ஸ் புத்தகத்துல ஒரு மாசம்னு இருந்தா ஒரு மாசமே குடுங்க, நல்லபடியா வெளிய வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, பின்னாடி அவங்ககிட்ட இருந்து பேப்பர் வாங்கணும். அதே புத்தகத்துல சம்மர் போனஸ் என்னைக்கு, அன்னைக்கு ரோல்ல இருந்தாதான் உண்டான்னும் பாத்துக்கங்க, பத்து நாள் வித்தியாசத்துல போனஸ் போன பசங்கள நான் பாத்திருக்கேன்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, ரெனியூ பண்ணிட்டு மாறுறதா, மாறிட்டு ரெனியூ பண்றதா. அப்பா சொல்ற வழி பாதுகாப்பா தெரியும், ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. ரெனியூவல் ஃபார்ம்ல இவர் எங்ககிட்ட தொடர்ந்து வேலை பாக்குறார்னு கம்பெனி ஒரு பக்கம் எழுதும், நீங்களும் கையெழுத்து போடுவீங்க. வேற இடத்துல ஆஃபர கையில வெச்சுக்கிட்டு அந்த கையெழுத்த போடாதீங்க. மனசுக்கும் நல்லா இருக்காது, அடுத்த ரெனியூவல்ல தேதிகள ஒப்பிட்டுப் பாக்குற ஆபீசருக்கும் நல்லா இருக்காது. அது மட்டும் இல்ல, அப்படி வாங்குற விசாவுல புது கம்பெனிய யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க, அந்தப் பரீட்சைய ஒரு வருஷம் தள்ளிப் போட்டதாதான் ஆகும். புது வேலை உங்க படிப்புக்குப் பொருந்தலன்னு ஒரு வருஷம் கழிச்சு, கைக்குழந்தையோட இருக்கும்போது தெரியுறதுக்கு இப்பவே தெரியுறது மேல்.

அதனால மாறிட்டு, புது கம்பெனி பேப்பரோட ரெனியூ பண்ணுங்க. கார்டு முடியுறதுக்கு மூணு மாசம் முன்னாடி இருந்து அப்ளை பண்ணலாம், உங்களுக்கு அது ஜூன் 20. இந்த மாசக் கடைசிக்குள்ள ராஜினாமா, ஜூன் 30 கடைசி நாள், ஜூலை 1 சேருறது, ஜூலை முதல் வாரத்துலயே அப்ளிகேஷன். புது கம்பெனியோட கான்ட்ராக்ட்ல சம்பளம், வேலை, தேதி மூணும் எழுதி, கையெழுத்து ஆகி, உங்க கைக்கு வந்த அப்புறம்தான் இங்க ராஜினாமா, வாயில சொன்ன ஆஃபர நம்பி ஒரு நாள் கூட முன்னாடி குடுக்காதீங்க. ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் நான் நகோயாவுல இருந்தப்ப கோவத்துல லெட்டர விட்டெறிஞ்சுட்டு வந்து நின்னான், மூணு மாசத்துக்கு மேல அந்த ஸ்டேட்டஸுக்குரிய வேலை செய்யாம, தகுந்த காரணமும் இல்லாம இருந்தா அவங்க ஸ்டேட்டஸ திரும்ப எடுத்துக்கறதுக்கு சட்டத்துல இடம் இருக்கு, வேலை தேடுனதுக்கு ஆதாரமா அவன் அனுப்பின மெயில், போன இன்டர்வியூன்னு ஒவ்வொண்ணா பிரின்ட் போட்டு கோத்தோம், அந்த மூணு மாசமும் அவன் சாப்பிட்ட சாப்பாடு உடம்புல ஒட்டல.

கடைசி நாள் ஜூன் 30-ன்னு சொன்னேன் இல்லைங்களா, அத 29-க்கு மாத்தலாமேன்னு கம்பெனி கேட்டா ஒத்துக்காதீங்க. மாசக் கடைசி நாள்ல நீங்க ரோல்ல இல்லன்னா அந்த மாச இன்ஷூரன்ஸ், பென்ஷன் பங்கு அவங்களுக்கு மிச்சம், உங்களுக்கு நடுவுல ஒரு நாள் ஓட்டை, அந்த ஒரு நாளுக்காக சிட்டி ஆபீஸ் போய் தேசிய இன்ஷூரன்ஸ், பென்ஷன் ரெண்டுலயும் சேரணும். வீட்டுல மாசமா இருக்குற பொண்ண வெச்சுக்கிட்டு கெம்போ, அதான் கம்பெனி வழியா வர்ற மருத்துவ இன்ஷூரன்ஸ், ஒரு நாள் கூட அறுந்து போக வேண்டாம், பிரசவத்துக்கு அதுல இருந்துதான் 5 லட்சம் யென் வரும், 2023 ஏப்ரல்ல இருந்து அந்தத் தொகை.

சரி, எப்பவும் ஏன் ஒரு வருஷம்னு கேட்டீங்களே. கம்பெனி சின்னதா இருந்தாலும் ஒரு வருஷம் வரும், அது பல காரணத்துல ஒண்ணு. ஆனா உங்க லெட்டர்ல எனக்கு ஒண்ணு இடிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி ஹாக்கென் கம்பெனிய விட்டு மாறினப்ப 14 நாளுக்குள்ள இமிக்ரேஷனுக்கு தெரிவிச்சீங்களா? அதப் பத்தி ஒரு வார்த்தையும் எழுதல, அதனால தெரிவிக்கலன்னே நினைக்கறேன். 2012 ஜூலைல ஸைர்யூ கார்டு வந்தப்பவே இந்தக் கடமையும் வந்துருச்சு, விட்டது 14 நாளுக்குள்ள, சேந்தது 14 நாளுக்குள்ள, இது கம்பெனி வேலை இல்ல, நம்ம வேலை. தவறவிட்டா 2 லட்சம் யென் வரைக்கும் அபராதம்னு சட்டத்துல இருக்கு, அத விடப் பெரிசு, மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ குடுக்கணும்னா இந்த மாதிரி தெரிவிக்கிற கடமையெல்லாம் ஒழுங்கா செஞ்சிருக்காங்களான்னு பாத்துதான் குடுக்குறாங்க. எனக்கே இது நடந்துருக்குங்க தம்பி. 2013-ல நான் வேலை மாறினப்ப, பழைய எச்.ஆர்., புது எச்.ஆர். ரெண்டு பேருமே எல்லாம் நாங்க பாத்துக்கறோம்னாங்க, நானும் நம்பி இருந்துட்டேன், அடுத்த ரெனியூவல்ல மூணு வருஷம் இருந்தது ஒரு வருஷமா இறங்கி வந்தப்பதான் கவுன்டர்ல இருந்த அம்மா ஒரு தாளக் காட்டி இது வரலயேன்னாங்க. அன்னைக்கு நகோயா ஸ்டேஷன் வரைக்கும் அஓனாமி லைன்ல அழுதுகிட்டே வந்தேன், அதுக்கப்புறம்தான் இந்த விசா ஆலோசனை சொல்ற வேலையவே முழுநேரமா எடுத்துக்கிட்டேன்.

லேட் ஆனாலும் வாங்கிக்குவாங்க. ஆன்லைன்லயே போடலாம், தபால்லயும் அனுப்பலாம், முடிஞ்சா இன்னைக்கு ராத்திரியே, இல்லன்னா ஜப்பான் போய் இறங்கின உடனே அந்தப் பழைய விஷயத்தப் போட்டுருங்க. தேதிய மாத்தி, மறைச்சு எதுவும் எழுதாதீங்க, பொய்யா குடுத்தா அது அபராதத்தோட நிக்காது. ரெனியூவல் பேப்பரோட, தெரியாம விட்டுட்டேன், தெரிஞ்ச உடனே தாக்கல் பண்ணிட்டேன்னு ஜப்பானிய மொழில அரைப் பக்கம் எழுதி வைங்க. இந்தத் தடவை ஜூன் 30, ஜூலை 1 ரெண்டும் அடுத்தடுத்த நாள்ங்கறதால ஒரே ஃபார்ம்ல ரெண்டையும் சேத்து தெரிவிக்கலாம், ஜூலை முதல் வாரத்துல அப்ளிகேஷனுக்கு முன்னாடியே முடிச்சிருங்க.

புது கம்பெனி பத்தி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆஃபர்ல "டிசைன் மற்றும் உற்பத்தி உதவி"ன்னு போட்டிருக்கறதா நீங்க அனுப்பின போட்டோல பாத்தேன். அந்த உற்பத்தி உதவிங்கறது என்ன? 40 பேர் கம்பெனில ஆள் குறைஞ்சா டிசைன் எஞ்சினியரக் கொண்டு போய் லைன்ல நிப்பாட்டுறது சகஜம், ஆனா உங்க ஸ்டேட்டஸ் பட்டறை வேலைக்கு குடுத்தது இல்ல. செவ்வாய்ப்பேட்டைல கொலுசு டிசைன் போடுறவர் அவசரத்துக்கு பத்த வைக்கற வேலையும் பாப்பார், யாரும் கேக்க மாட்டாங்க, அங்க கேப்பாங்க. சேந்த புதுசுல சில மாசம் லைன்ல பழகுறது, அதுவும் அதே மாதிரி சேர்ற ஜப்பான் பசங்களும் அதையேதான் பண்றாங்கன்னா அனுமதி உண்டு, மொத்தக் காலத்துல அது சின்னப் பங்கா இருக்கணும், எவ்வளவு நாள்னு திட்டம் இருக்கணும். அதனால அந்த கம்பெனிகிட்ட கூச்சப்படாம கேளுங்க, ஒரு நாள்ல எத்தன மணி நேரம் கம்ப்யூட்டர்ல டிசைன் போடுறது, எத்தன மணி நேரம் லைன்ல, எத்தன மாசத்துக்கு. பதில எழுத்துல வாங்குங்க, அத அப்படியே வேலை விவரமா அப்ளிகேஷன்ல சேக்கச் சொல்லுங்க, எந்த பார்ட், என்ன சாஃப்ட்வேர், யார்கிட்ட ரிப்போர்ட், காலேஜ்ல படிச்ச எந்தப் பாடம் இதுக்கு உதவுதுன்னு வர்ற அளவுக்கு. அவங்க மழுப்பினாங்கன்னா சம்பளம் ஜாஸ்தின்னாலும் நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன், உங்களையும் போகச் சொல்ல மாட்டேன்.

சின்ன கம்பெனிங்கறதால போன வருஷம் டேக்ஸ் ஆபீஸ்ல குடுத்த ஹோதெய் சோஷோ, அதாவது சம்பளம், பிடிச்ச வரிக் கணக்கு காட்டுற மொத்தத் தாளோட காப்பி, கம்பெனி பதிவு, வரவு செலவுக் கணக்கு இதெல்லாம் கேப்பாங்க, ஜூன்லயே எடுத்து வைக்கச் சொல்லிருங்க. உங்க பக்கம் சிட்டி ஆபீஸ்ல ஜூமின்ஸெய், அதான் அந்த ஊர்ல குடியிருக்கறதுக்கான வரி, போட்டதுக்கும் கட்டினதுக்கும் ரெண்டு சர்டிஃபிகேட், புது வருஷத்தோடது ஜூன் வாக்குல வரும், பாக்கி இருந்தா கட்டிட்டு அப்புறம் போங்க. பழைய கம்பெனில இருந்து சம்பளத்துல வரி பிடிச்சதக் காட்டுற கென்ஸென் சோஷூஹ்யோ, வேலைய விட்டதுக்கு சர்டிஃபிகேட் ரெண்டும் வாங்கிக்கங்க, நல்லபடியா வெளிய வாங்கன்னு சொன்னது இதுக்குத்தான். ஃபீஸ் 2025 ஏப்ரல்ல 4,000 யென்ல இருந்து 6,000 ஆச்சு, ஆன்லைன்ல போட்டா 5,500, ஆளுக்கு ஒண்ணு, கிடைச்ச அப்புறம்தான் கட்டணும்.

இனி வளைகாப்பு.

உங்க மனைவி கார்டு உங்களத் தொங்கிக்கிட்டு இருக்குற குடும்ப விசா, பெரும்பாலும் அதுவும் அதே செப்டம்பர் 20 தான், எடுத்துப் பாருங்க. சேலத்துல இருந்துகிட்டு அத ரெனியூ பண்ண முடியாது. தாக்கல் பண்ணும்போதும் ஆள் ஜப்பான்ல இருக்கணும், புது கார்டு வாங்கும்போதும் இருக்கணும். ஆவணி பிறந்ததும் அவங்க பழைய கார்டோட விமானம் ஏறி, ரெனியூ பண்ணாமயே செப்டம்பர் 20 தாண்டிருச்சுன்னா, இதுவரைக்கும் இருந்த ஸ்டேட்டஸ் அதோட முடிஞ்சுது, மறுபடி முதல்ல இருந்து ஜப்பான் இமிக்ரேஷன் குடுக்குற தகுதி சர்டிஃபிகேட் வாங்கி, சென்னைல விசா எடுத்து, புதுசா போற மாதிரிதான். அப்ளை பண்ணிட்டு பதில் வராம கிளம்பினாலும் தப்பிக்க முடியாது, கார்டு தேதிக்கு முன்னாடி அப்ளை பண்ணியிருந்தா பதில் வர்ற வரைக்கும் அதிகபட்சம் ரெண்டு மாசம் நீளும், அதாவது நவம்பர் 20, அதுக்குள்ள திரும்பிப் போகணும். பிரசவம் அக்டோபர் கடைசி. மூணு வாரக் குழந்தைக்கு பாஸ்போர்ட்டும் இருக்காது, விசாவும் இருக்காது. யாரால முடியும் அது?

அதனாலதான் ஜூலை முதல் வாரம், முதல் வாரம்னு திரும்பத் திரும்ப சொல்றேன். உங்களோட அன்னைக்கே அவங்களோடதும் தாக்கல் ஆகணும், ரெண்டு பேரும் சேந்தே நகோயா போங்க. ஆகஸ்ட் நடுவுல புது கார்டு கைக்கு வந்துட்டா தாராளமா கூட்டிட்டு வாங்க, ஏர்போர்ட்ல திரும்பி வருவேன்னு ஒரு கட்டத்துல டிக் பண்ற தாள் இருக்கும், அத மறக்காம பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் வெளிய இருக்கலாம், ஆனா கார்டு தேதி அதுக்கு முன்னாடி முடிஞ்சா அதுவரைக்கும்தான். 28 வாரம் தாண்டியிருக்கும்ங்கறதால பொதுவா ஏர்லைன்ஸ்ல டாக்டர் லெட்டர் கேப்பாங்க, 36 வாரம் பக்கம் வந்துட்டா ஏத்திக்கறதே கஷ்டம். குழந்தை சேலத்துல பிறந்தா பாஸ்போர்ட் எடுத்து, நீங்க அங்க இருந்து குழந்தைக்கும் அந்தத் தகுதி சர்டிஃபிகேட்டுக்கு அப்ளை பண்ணணும், அதுக்கு சில மாசம் ஆகும், அதுவரைக்கும் அவங்க இங்க இருக்கட்டும், அது தாய் வீட்டுல இருக்குற காலம்தானே.

ஆகஸ்ட் நடுவுலயும் கார்டு வரலன்னா கூட்டிட்டு வராதீங்க. வளைகாப்ப அங்கயே நாலு தமிழ்க் குடும்பத்தக் கூப்பிட்டுப் போடுங்க, கண்ணாடி வளையல இப்பவே கடை வீதில வாங்கி பெட்டில வெச்சு எடுத்துட்டுப் போங்க. அங்க பிறந்தா 14 நாளுக்குள்ள சிட்டி ஆபீஸ்ல பதிவு, 30 நாளுக்குள்ள இமிக்ரேஷன்ல குழந்தைக்கு ஸ்டேட்டஸ், அந்த நேரத்துல உங்க கார்டு தெளிவா இருந்தா குழந்தையோடது சுலபமா வந்துரும். தொயோஹாஷிக்கு வீடு மாறும்போது 14 நாளுக்குள்ள அட்ரஸ் மாத்தப் போவீங்க இல்லைங்களா, போஷி தெச்சோவையும், அதான் தாய் சேய் கையேடு, அதோட குடுத்த செக்கப் கூப்பனையும் கையோட எடுத்துட்டுப் போங்க, கூப்பன் பழைய ஊர் பேர்ல இருக்கும், புது ஊர்ல மாத்தித் தருவாங்க.

அத்தைகிட்ட இத நீங்க போன்ல சொல்லாதீங்க, இங்கதான இருக்கீங்க, நேர்ல போய் காலண்டர விரிச்சு வெச்சு தேதி தேதியா காட்டுங்க. முதல் பிரசவத்துக்கு பொண்ணு பக்கத்துல இல்லாம போயிருமோங்கற பயம்தான் அவங்களுக்கு, அது நியாயமான பயம். பொண்ணு வர முடியலன்னா அம்மா போகலாம், சொந்தக்காரங்களப் பாக்கப் போற விசா 90 நாளைக்கு குடுக்குறாங்க, அழைப்புக் கடிதம், உங்க வருமான சர்டிஃபிகேட் எல்லாம் நீங்க அனுப்பணும், அதுலயும் உங்க ஜூலை பேப்பர்தான் உதவும். அவங்களுக்கு பாஸ்போர்ட் இருக்கா? இல்லன்னா நீங்க கிளம்புறதுக்குள்ள அப்ளை பண்ண வெச்சிருங்க.